எஸ். நெல்லையப்பன் பி.இ.

கரண்டிகளைத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும். சாக்கின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு ஜல்லிக்கரண்டிக் காம்பு வெளியே வந்து நெல்லையப்பனின் முழங்காலில் குத்தியது. உள்ளே தள்ளினான், அடுத்த பக்கத்தில் வேறொன்று எட்டிப் பார்த்தது. ஒரு வீட்டுக்கு எதற்கு இத்தனை கரண்டி. பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஆள் அவளைக் குடித்தனம் பண்ண அனுப்புகிறோம் என்று நினைத்தாரா, மடத்துக்குச் சமைக்க அனுப்புகிறோம் என்று நினைத்தாரா. நினைத்த ஆள் கூடத்தில்தான் இருந்தார். சோபாவை எடுத்துப் போன பிறகு தரையில் மிஞ்சிய தூசிச் சதுரத்தை மிதிக்காமல் ஒதுங்கி, சுவரில் சாய்ந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் மாமனார் ஆவுடையப்பன். அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். வந்ததிலிருந்து விசிறி இருந்த கொக்கியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “அப்பா வருவாங்க. என் துணி, ஆபீஸ் புத்தகம், தையல் மிஷின் இத மட்டும் எடுத்துட்டுப் போவாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்” என்று மங்கை மதுரையிலிருந்து போனில் சொல்லியிருந்தாள். வேற ஒண்ணும் வேண்டாம். காசு செலவில்லாமல் கிடைக்கிற பெருந்தன்மை. சமையலறை வாசலில் வரிசையாக நிற்கிற இந்தச் சாக்குகள் முழுக்கப் பாத்திரம். அத்தனையும் அவள் அப்பா கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்தது. ஆனால் ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. எல்லாவற்றிலும் அவன் பெயர். அவன் பெயர் இருப்பதால் அவன் சாமான். அந்த நியாயம் கிழவருக்கும் தெரியும், அதனால்தான் உள்ளே நுழைந்ததும் சாக்குகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார். கேட்கட்டும். ‘மாப்ள, இதெல்லாம் நான் எடுத்த சாமான்லா’ என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து கேட்கட்டும். காலால் அந்தச் சாக்கை நகர்த்தி, ‘தாராளமா எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்ல வேண்டும். காலையில் பல் தேய்க்கும்போதே அதைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. தாராளமா என்பதில் ஒரு அழுத்தம். ஆனால் கேட்டால்தான் சொல்ல முடியும். கேட்காதவரிடம் போய்க் கொடுத்தால் அது பயந்து கொடுத்ததாக ஆகும். பயமா. எதற்குப் பயம். கிழவருக்கு அது தெரிந்திருக்குமோ என்பதைத் தவிர வேறெதற்கும் இல்லை. வீட்டை விட்டுப் போகிற பெண் தன் அப்பனிடம் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு டம்ளரிலும் வெட்டி வைத்த நல்ல காரணம் ஒன்று தயாராக இருக்கிறது. சொல்லியிருப்பாளா. சொல்லியிருந்தால் இந்த ஆள் இப்போது கொக்கியைப் பார்த்துக்கொண்டு என்ன நினைக்கிறார்.

அவன் ஒரு டம்ளரை எடுத்துப் பார்த்தான். எஸ். நெல்லையப்பன் பி.இ. குண்டூசியால் குத்தியதுபோலப் புள்ளி புள்ளியாக, விளிம்புக்குக் கீழே, குடிக்கிறவன் கண்ணுக்குப் படுகிற மாதிரி. ஊரில் எல்லாரும் பெண்ணின் பெயரை வெட்டுவார்கள், இல்லையென்றால் கொடுக்கிறவர் பெயரை. நாளைக்கு ஒன்று என்றால் சாமான் யார் வீட்டுது என்று தெரிய வேண்டும் அல்லவா. ஆவுடையப்பனிடமும் அப்படித்தான் சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். அவர்தான், “இனி அவுக பேருதான அவளுக்கும் பேரு” என்று அடம்பிடித்து, ரதவீதிப் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, அண்டாவில் ஆரம்பித்து அஞ்சறைப்பெட்டிக்குள் கிடக்கிற சின்ன ஸ்பூன் வரைக்கும் மாப்பிள்ளை பெயரை வெட்டி வாங்கியிருக்கிறார். ஸ்பூனில் இடம் போதவில்லை. அதில் நெல்லையப்பனை விட்டுவிட்டு ‘எஸ்.என். பி.இ.’ என்று வெட்டச் சொல்லியிருக்கிறார். ஆளை விட்டாலும் படிப்பை விடவில்லை. உரக்கடை வைத்திருந்தவருக்கு மூட்டைமேல் இருக்கிற முத்திரைதான் சரக்கு. கல்யாணத்தன்று மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து அதன்மேல் சீரைப் பரப்பி வைத்திருந்தார்கள். பெண்கள் ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பி வாசித்தார்கள். அவன் அம்மா முகம் செத்துப்போய் நின்றாள். தரகரிடம் ‘பையன் பி.இ.’ என்று சொன்னது அவள்தான். ‘முடிச்சிருக்கானா’ என்று தரகர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, அதனால் அது பொய்யில்லை என்பது அவள் கட்சி. இரண்டு பாடம் பாக்கி. அவ்வளவுதான். நாலு வருஷம் உட்கார்ந்து படித்ததில் ஐம்பது பாடம் இருக்கும், அதில் இரண்டு. எழுதிவிடலாம் என்றுதான் இருந்தான். எழுதியும் பார்த்தான். கட்டடக் காண்டிராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்த அன்றே கொத்தனார் ‘இன்ஜினியர் சார்’ என்று கூப்பிட்டுவிட்டான். இந்த ஊரில் கையில் டேப் வைத்திருக்கிற எவனும் இன்ஜினியர்தான். அப்புறம் யாருக்குப் பரீட்சை. ஆனால் டம்ளர் அப்படியில்லை. தினமும் காலையில் காபி உதட்டுக்கு வரும்போது மூக்குக்கு நேரே அந்த இரண்டு எழுத்தும் வந்து நிற்கும். அவன் டம்ளரைத் திருப்பிப் பிடித்துக் குடிக்கப் பழகினான். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மனுஷன் சொந்த வீட்டில் டம்ளரைத் திருப்பிப் பிடித்துக் காபி குடித்திருக்கிறான் என்றால் அதற்கு யார் காரணம். படிக்காத ஒரு உரக்கடைக்காரனின் ஆடம்பரம்.

“மாப்ள.”

வந்துவிட்டது. அவன் சாக்கின் வாயைப் பிடித்தபடி, தாராளமா என்பதை நாக்கின்மேல் வைத்துக்கொண்டு திரும்பினான்.

“இந்தக் கிளிப்பு ஒங்களுக்கு வேணுமா?” ஆவுடையப்பன் ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த துணி கிளிப்புகளை உருவிக் கை நிறைய வைத்திருந்தார்.

“வேண்டாம் மாமா.”

“ஸ்பிரிங்கு போகல. நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கிடட்டா?”

“எடுத்துக்கிடுங்க.”

அவற்றை ஒரு கல்யாண வீட்டுத் துணிப்பைக்குள் போட்டுவிட்டு அவர் கொல்லைப்பக்கம் போனார். அங்கிருந்து சத்தம் வந்தது. “இந்த வாளிக்குக் கைப்பிடி இல்லியே, தூரவா போடப்போறீங்க?” கைப்பிடியில்லாத வாளி வேண்டும். ஓட்டை விழுந்த முறம் வேண்டும். இனிப்புக்கடைக்காரன் மைசூர்பாகு போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாக்களை மங்கை கழுவிக் கழுவி அடுக்கி வைத்திருந்தாள், மூடி ஒரு பக்கம் டப்பா ஒரு பக்கமாக. அதற்கெல்லாம் மூடி தேடிப் பொருத்திக்கொண்டிருக்கிறார். சாக்கில் இருக்கிற நல்ல பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதற்குப் பெயர் சாமர்த்தியம். குப்பையைக் கேட்டுக் கேட்டு, அவனே வாய்விட்டு ‘இதையும் எடுத்துக்கோங்க’ என்று சொல்கிற இடத்துக்கு அவனைக் கொண்டுவருகிற யாவாரி புத்தி. நடக்காது. அவன் போனை எடுத்துப் பாத்திரக்கடைக்காரனைக் கூப்பிட்டு, கொல்லை வரைக்கும் கேட்கிற குரலில், “ஆமா, எல்லாம் எவர்சில்வர்தான். கனமான சாமான். எடைக்குத்தான் எடுப்பீங்கன்னு தெரியும்லா. மத்தியானம் வந்து மொத்தமா அள்ளிட்டுப் போயிருங்க” என்றான். கொல்லையில் ஒரு மூடி ஒரு டப்பாவுடன் சேர்கிற டப்பென்ற ஓசை மட்டும் கேட்டது.

இந்த ஒரு மாதமாக இந்த வீட்டுக்குள் வந்துபோன ஜன்மங்களை நினைத்தால் மனுஷன் என்கிற ஜாதிமேலேயே குமட்டல் வருகிறது. அவனுக்கு இனி தூத்துக்குடியில் வேலை, கம்பெனியே கொடுக்கிற ஒற்றை அறை, கட்டில்கூட அவர்களுடையது. ஆகவே இங்கே இருப்பதெல்லாம் போக வேண்டும் என்று போனில் படம் பிடித்து விற்பனைக்குப் போட்டான். போட்ட ஐந்தாவது நிமிஷத்தில் ஒருவன், ‘லாஸ்ட் பிரைஸ்?’ வணக்கம் இல்லை, சாமான் என்ன என்று இல்லை. சோபாவைப் பார்க்க ஒரே மாதிரி பனியன் போட்ட புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள், குனிந்து குஷனை மோந்து பார்த்தாள். அவன், “அங்கிள், கல்யாணம் ஆகி மூணு மாசம்தான் ஆகுது, பாத்துச் சொல்லுங்க” என்றான். கல்யாணம் ஆனதற்கு நான் என்ன செய்ய, நானா பண்ணிவைத்தேன். கட்டிலைப் பார்க்க வந்த ரிட்டயர்டு தாசில்தார் காலைத் தட்டிப் பார்த்தார், பலகையைத் தட்டிப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, “இதுல யாரும் தவறலயே?” என்று கேட்டார். இன்னும் இல்லை, நீங்கள் வாங்கிப்போனால் வாய்ப்பு இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. அட்டத்துப் பரணிலிருந்து இறங்கியவை அதற்குமேல். பிரிக்காத சுவர்க்கடிகாரங்கள், எல்லாம் ஒரே சாயல். கண்ணாடிக்குள் பிள்ளையார், கண்ணாடிக்குள் தாஜ்மகால். வெல்வெட் பெட்டிக்குள் குங்குமச்சிமிழ், அதற்குள் ‘என்றும் அன்புடன்’ என்று வேறு யாருக்கோ யாரோ எழுதிய சீட்டு. எந்தக் கல்யாணத்தில் வந்து எத்தனை கை மாறி இங்கே ஒதுங்கியதோ. கொடுத்தவனுக்கும் வேண்டாம், வாங்கியவனுக்கும் வேண்டாம், செய்தவன் மட்டும் பிழைத்துக்கொண்டான். ஹைதராபாத்திலிருக்கும் மகன் குமரகுரு போனில், “ப்பா, எல்லாத்தையும் தூக்கிப் போடுங்கப்பா, லைட்டா இருப்பீங்க” என்றான். லைட்டாக. பொருளைப் போட்டால் கனம் குறையும் என்று எங்கேயோ வீடியோ பார்த்திருக்கிறான். பி.காம். படித்த மூளை. அவன் பிளஸ்டூ முடித்தபோது மார்க் இருந்தது, மங்கை இன்ஜினியரிங் சேர்க்கலாம் என்றாள், பையனும் ஆசைப்பட்டான். ‘இன்ஜினியரிங் மட்டும் வேண்டாம்’ என்று ஒரே பிடியாக நின்றது நெல்லையப்பன்தான். அன்றைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சாப்பாட்டு மேஜையிலிருந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தச் சொல்லாமல் இருப்பதுதான். அதைவிடத் திமிர் ஒன்று உண்டா. அவளுக்குத் தெரிந்தது கல்யாணமான முதல் வருஷம். கூடப் படித்த ரத்தினவேல் வீட்டுக்கு வந்திருந்தான். நாக்கில் நரம்பு கிடையாது அவனுக்கு. மங்கை காபி கொண்டுவந்து நீட்டும்போது, “என்னல நெல்லையப்பா, அந்த ரெண்டு பேப்பர எப்பதாம்ல எழுதி முடிக்கப்போற? காலேஜையே இழுத்து மூடிருவானுவ போலுக்கு” என்று சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தான். அவள் கை நின்றது. டம்ளரைப் பார்த்தாள். ரத்தினவேல் வாங்கிக்கொண்டான், நல்ல காபி தங்கச்சி என்றான், உட்கார்ந்து நெடுநேரம் ஊர்க்கதை பேசினான். அவன் போனதும் அவள் கேட்பாள் என்று நெல்லையப்பன் காத்திருந்தான். சொல்ல எல்லாம் தயார்: அம்மா சொன்னது, தரகர் கேட்காதது, ஐம்பதில் இரண்டு. அவள் கேட்கவே இல்லை. ராத்திரிக்கு உப்புமா போதுமா என்றுதான் கேட்டாள். மறுநாள், மறுவாரம், மறு வருஷம். சண்டை வந்தபோதெல்லாம் இன்றைக்கு எடுப்பாள் என்று பார்ப்பான். சொந்தமாக எடுத்த காண்டிராக்டில் காசு போனபோது எடுப்பாள் என்று பார்த்தான். எடுக்கவில்லை. சிலபேர் கத்தியைக் காட்டி மிரட்டுவார்கள், அது ஒரு யோக்கியமான வேலை. இவள் கத்தியை மடித்து எங்கேயோ வைத்துவிட்டு, வைத்த இடத்தைப் பார்க்காமலேயே குடித்தனம் நடத்தினாள். அப்படிப்பட்டவளிடம் ஒருவன் எப்படிச் சிரித்துப் பேச முடியும். அவனும் பேசவில்லை. பேசியதெல்லாம் அவள் ஆபீஸை, அவள் சமையலை, அவள் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற பக்கத்து வீட்டுப் பெண்களை, அவள் அப்பாவைக் குறை சொன்னதுதான். பிரமோஷன் வந்து மதுரைக்குப் போனாள். வாராவாரம் வந்தாள், பிறகு மாதத்துக்கு ஒருதரம். போன ஆவணியில் போன் பண்ணி, “நான் இனி வரலைங்க” என்றாள். ஏன் என்று கேட்டான். இதோ எடுக்கப் போகிறாள் என்று சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். “ஒங்களுக்கு யாரையுமே பிடிக்க மாட்டேங்குது. எனக்கு அலுத்துப்போச்சு” என்றாள். அவ்வளவுதான். அதுவும் ஒரு காரணமா. யாரையும் பிடிக்காதது ஒரு குற்றமா, பிடிக்கிற மாதிரி யார் இருக்கிறார்கள். உண்மைக் காரணத்தை அவனிடம் சொல்லவில்லையென்றால் வேறு யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அந்த யாரோ இப்போது கொல்லையிலிருந்து கைப்பிடியில்லாத வாளிக்குள் டப்பாக்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வருகிறார்.

தெரிந்திருந்தால் முகத்தில் காட்டாமலா இருப்பார். இந்த ஆளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. இன்றைக்குக் காலையில்கூட வாசலில் நுழையும்போது, “என்ன இன்ஜினியர் மாப்ள, மெலிஞ்சிட்டீங்க” என்றுதான் வந்தார். எப்போதும் அதுதான். அம்பாசமுத்திரத்துக்குப் போனால் தெருமுக்கிலேயே நின்றுகொண்டு எதிரில் வருகிறவனிடமெல்லாம், “நம்ம இன்ஜினியர் மாப்ள, தெரியும்லா” என்று அறிமுகம். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். ஒருதரம் அவர் வீட்டு அடுக்களைக்கு வெளியே ஷெட் இறக்கினார்கள். கொத்தனார் ஒரு பக்கமாகச் சரிவு வைக்கலாம் என்றான். “இருப்பா, நம்ம இன்ஜினியர் சொல்லட்டும்” என்றார் ஆவுடையப்பன். அந்த வார்த்தைமேல் இருந்த எரிச்சலில், சரியாகப் பார்க்காமலேயே எதிர்ப்பக்கம் வை என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் அடுக்களைக்குள் வருகிறது. நாலு ஷீட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டால் முடிகிற வேலை. அவர் போடவில்லை. மழை வந்தால் வாளி வைத்துப் பிடிக்கிறார். யாராவது கேட்டால், ‘இன்ஜினியர் வச்ச சரிவு, காரணமாத்தான் வச்சிருப்பாக’ என்பாராம். இப்படிப்பட்ட மூடத்தனத்தோடு இத்தனை வயசுவரை ஒருவர் எப்படி உயிர் வாழ்ந்தார், உரம் விற்றார், பிள்ளை பெற்றார். இவர் தெரிந்துகொண்டு நடிக்கிறவர் இல்லை. முட்டாள். இல்லை, இன்றைக்கு அந்த ‘இன்ஜினியர்’ கொஞ்சம் இழுத்தாற்போல வந்ததோ. இன்ஜினி... யர். படியேறி வந்த மூச்சிரைப்பாகவும் இருக்கலாம். மெலிஞ்சிட்டீங்க என்றாரே, அதில் என்ன இருக்கிறது. குற்றம் செய்தவன் மெலிவான் என்றா. அவன் சாக்கைக் கட்டுகிற சணலைப் பல்லால் இழுத்து இறுக்கினான். பல்லில் தூசி கரகரத்தது.

வெளியே ஹாரன் அடித்தது. லோடு ஆட்டோ.

“வந்துட்டான்” என்று ஆவுடையப்பன் சுவரைப் பிடித்து எழுந்தார். எழுந்ததும் வேறு ஆளாகிவிட்டார், கடை வாசலில் லாரி வந்து நின்றதுபோல. “ஏய் இசக்கி, ரிவர்ஸ்ல வா, ரிவர்ஸ்ல. மிஷினு எவ்வளவு கனம் தெரியுமா? நீ பாட்டுக்கு அங்க நிறுத்திட்டு நான் தூக்கிட்டு வரணுமோ?”

“நீங்க தூக்குவியளோ? ஒங்களையே ஒரு ஆளு தூக்கணும் போலிருக்கு” என்றபடி இசக்கி இறங்கினான்.

“வாய்க்கு வாடகை தனியாத் தாரேன். மொதல்ல மிஷினப் பிடி.”

தையல் மிஷினை இசக்கியும் நெல்லையப்பனும் பிடித்துக்கொண்டு போனார்கள். கால்மிதி தானாக ஆடிக் கடகடவென்றது. துணிப் பெட்டி. புத்தகக் கட்டு. வாளி, டப்பா, முறம், கிளிப் பை. ஒவ்வொன்றுக்கும் ஆவுடையப்பன், ‘இது அடியில’, ‘இது மேல’, ‘ஏய் நசுக்கிராத’. இசக்கி முறத்தைத் தூக்கிக் காட்டி, “அண்ணாச்சி, இதுக்கு ஓட்டை இல்லாத எடம் எங்க இருக்கு?” என்றான். சிரித்தார்கள். முடிந்தது. உள்ளே கூடத்தில் இனி சாக்குகள் மட்டும்தான். கிழவர் உள்ளே வந்து துண்டை உதறித் தோளில் போட்டார். சாக்குகளைப் பார்த்தார். இப்போதாவது. அவர் குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரண்டிக் காம்பை உள்ளே தள்ளினார், அது மறுபடி வந்தது, விட்டுவிட்டார். “அப்போ நான் கெளம்புதேன் மாப்ள. ஒடம்பப் பாத்துக்கிடுங்க. தூத்துக்குடித் தண்ணி உப்பா இருக்கும்.” கேட்கவில்லை. கேட்கவே போவதில்லை. அப்பனும் மகளும் ஒரே வார்ப்பு. இவரும் ஒன்றும் கேட்காமல், பெரிய மனுஷனாக, கைப்பிடியில்லாத வாளியோடு இந்தப் படியிறங்கிப் போய்விடுவார். மத்தியானம் கடைக்காரன் வந்து தராசில் தூக்குவான். கடைசிவரைக்கும் தெரியுமா தெரியாதா என்பது தெரியாமலேயே தூத்துக்குடியில் உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் கிடைக்கவில்லை. காலால் நகர்த்தவும் முடியவில்லை, சாக்கு கனம்.

“இதையும் ஏத்திக்கிடுங்க” என்றான். குரல் தேவைக்குமேல் உயர்ந்துவிட்டது. “எனக்கு எதுக்கு இது. எல்லாம் நீங்க எடுத்த சாமான். ஆசை ஆசையா வெட்டுனீங்கல்லா, அந்தப் பேர மட்டும் தேச்சு அழிச்சிட்டு யாருக்கு வேணும்னாலும் குடுங்க.”

“அழிக்க முடியாதே மாப்ள” என்றார் ஆவுடையப்பன். விலை படியாத சரக்கைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். “மிஷினு வச்சுத் தேச்சுத் தருவான். ஆனா தேச்ச எடம் மட்டும் தனியாப் பளபளன்னு நிக்கும். பாக்கவனெல்லாம் இங்க என்ன இருந்துச்சுன்னு கேப்பான். மங்கை மொத வருசமே கேட்டாள்லா. ஆடிக்கு வந்திருந்தப்போ. பேரு இருக்கட்டும்ப்பா, பின்னால உள்ள ரெண்டெழுத்த மட்டும் அழிச்சுத் தாங்கன்னா. ஏன்னு கேட்டேன். இன்னது மாதிரின்னு சொன்னா.” தோளிலிருந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “நாந்தான் வேண்டாம்னுட்டேன். இருந்துட்டுப் போகுது, யாருக்கு என்ன தொந்தரவு. கடைக்காரன் மத்தியானம்தான வாரான்? எடை போடும்போது பக்கத்துல நில்லுங்க. தட்டுக்கு அடியில விரலக் குடுத்துருவானுவ.”

மொத வருசம். அவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆடி என்றால் ரத்தினவேல் வந்துபோன மறுமாதம். அப்படியென்றால் தெருமுக்கில் நின்று சொன்னது. கோயிலில் சொன்னது. கொத்தனாரிடம் சொன்னது. குமரகுருவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியபோது ஆசாரியிடம் சொன்னது. காலையில் மூச்சிரைத்துக்கொண்டு சொன்னது. எல்லாம் அதற்குப் பிறகு. அவன் கிழவர் முகத்தைப் பார்த்தான். எந்த முகத்தில் இருந்தாலும், கடைக்காரன், கொத்தனார், சொந்த மகன், பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாதவன், யார் முகத்தில் இருந்தாலும் இளக்காரத்தை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவான். அதில் அவனுக்குத் தவறியதே இல்லை. கண்ணில் பார்த்தான். உதட்டோரம் பார்த்தான். நெற்றியில் வியர்வையில் கரைந்த விபூதி ஒரு புருவத்தின்மேல் இறங்கியிருந்தது. சவரம் செய்யாத வெள்ளை மயிர். வாளிக்கு ஒரு கைப்பிடி எங்கே கிடைக்கும் என்பதைத் தவிர அந்த முகத்தில் வேறு கவலை எதுவும் தெரியவில்லை. அப்படியென்றால் முட்டாள்தானே என்று நினைக்கப் பார்த்தான். எப்போதும் வருகிற வேகத்தில் அது வரவில்லை. அவர் அதற்குள் செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தார், ஒன்று கிடைத்தது, இன்னொன்றை இசக்கி மிஷினைத் தூக்கும்போது தள்ளிவிட்டிருக்கிறான். “ஏய், என் செருப்ப எங்கல ஏத்துன?”

“அதுக்கும் சேத்துத்தான் வாடகை” என்றான் இசக்கி.

வெயில் ஏறியிருந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ வற்றல் காயப்போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள். இசக்கி கயிற்றை மிஷினுக்குக் குறுக்கே போட்டு இழுத்துக் கட்டினான். ஆவுடையப்பன் ஒரு காலைத் தூக்கி வைத்து, கம்பியைப் பிடித்து, முனகிக்கொண்டே டிரைவர் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்தார். மடியில் கிளிப் பை. “அப்போ வாரேன், இன்ஜினியர் மாப்ள” என்றார். எப்போதும்போல அதே குரல். மூச்சு வாங்கியதால் நடுவில் கொஞ்சம் இழுத்தது. இசக்கி சாவியைத் திருப்பினான், வண்டி இரண்டு முறை இருமிவிட்டு உறுமியது. கிழவரின் வேட்டி நுனி வெளியே தொங்கிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் முன்பக்கம் பார்த்து, “மேம்பாலம் வழியாப் போகாத, ரயில்வே கேட்டு வழியாப் போ” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நெல்லையப்பன் படியிறங்கிப் போனான். குனிந்து அந்த நுனியை எடுத்து, தூசியைத் தட்டி, அவர் காலுக்கு அடியில் செருகிவிட்டான்.